ஆற்றில் கால் வைத்த குளத்துக் கொக்கு

கோரைக்குளத்தில் தண்ணீர் வற்றிப் போனது. அதோடு சேர்ந்து ஒற்றைக்காலன் என்ற கொக்கின் தூக்கமும் போனது.

குளம் ஒரே நாளில் வற்றிவிடவில்லை. முதலில் அல்லிக் கொடி காய்ந்தது. பிறகு தவளைகள் குடும்பத்தோடு மூட்டை கட்டின. கடைசியில் ஓர் எருமை படுத்து எழுந்திருக்கும் அளவுக்கு நடுவில் கொஞ்சம் சேறு மிஞ்சியது. அதற்குள் இருந்த குறவை மீன்களும் மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விட்டன. மேலே நின்று எத்தனை முறை கொத்தினாலும் அலகில் சேறுதான் வந்தது.

குளத்தங்கரைக் கருவேல மரத்தில் ஒற்றைக்காலனின் கூடு. கூட்டில் அவன் மனைவி சாம்பி. அவள் இறக்கைக்குக் கீழே இரண்டு குஞ்சுகள். நேற்று முழுக்கத் தேடியும் ஒரு வெட்டுக்கிளிதான் கிடைத்தது. அதை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தார்கள். இன்று காலையில் பெரியவன் பசிக்குது பசிக்குது என்று கூட்டையே இரண்டாக்கினான். சின்னவன் கத்தவில்லை. கத்துகிற பிள்ளையை எப்படியாவது சமாளித்துவிடலாம். கத்தாத பிள்ளையைப் பார்த்துக்கொண்டு எந்தத் தகப்பனால் நிற்க முடியும்?

"காட்டுக்குள்ள ஆறு ஓடுதாம். அங்க போய்ப் பாருங்களேன்" என்றாள் சாம்பி.

"ஆத்து மீன் எனக்குப் பழக்கமில்லையே."

"அதுகளுக்கும்தான் உங்களைப் பழக்கமில்லை. போய்ட்டு, இருட்டுறதுக்குள்ள வந்துடுங்க. சின்னவன் இன்னிக்கு ராத்திரி தாங்க மாட்டான்."

 ஒற்றைக்காலன் கிளம்பினான். பறக்கும்போதே இறக்கை வலித்தது. சாப்பிட்டால்தானே வலிக்காமல் இருக்கும்!

அவனைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். கோரைக்குளத்தில் மீன்பிடி என்றால் ஒற்றைக்காலன்தான். அவன் பிடிக்கும் விதமே தனி. வீசுகிற காற்றுக்கு முகம் கொடுத்து நிற்பான். ஒரு காலை ஊன்றிக்கொண்டு, மற்றக் காலால் சேற்றை மெல்ல மெல்ல மிதிப்பான். தண்ணீர் கலங்கும். கலங்கிய தண்ணீரில் மீனுக்குக் கண் தெரியாது, மூச்சும் முட்டும். வாயைத் திறந்துகொண்டு மேலே வரும். அவன் அலகுக்கு நேராகவே வந்து நிற்கும். அப்புறம் கேட்பானேன், ஒரு கொத்து!

இந்த வித்தையோடு ஒரு கட்டுப்பாடும் உண்டு. நின்றவன் திரும்பக் கூடாது. கோரைக்குளத்துக் கொக்குகள் பரம்பரை பரம்பரையாகக் கட்டிக் காத்த விஷயம் இது. நிற்கிற கொக்கு அசைந்தால் குளம் முழுக்க அலை போகும், எல்லா மீனும் ஓடிவிடும். அதனால் முதுகுக்குப் பின்னால் இடியே விழுந்தாலும் திரும்பமாட்டார்கள். திரும்புகிறவனைக் குடும்பத்துக்கு ஆகாதவன் என்று பேசுவார்கள். ஒற்றைக்காலன் பிறந்ததிலிருந்து ஒருதரம்கூடத் திரும்பியதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆறு வந்தது. அதைப் பார்த்ததுமே அவனுக்குப் பாதி தெம்பு போய்விட்டது. குளத்துத் தண்ணீர் மரியாதையாக இருந்த இடத்தில் இருக்கும். இதுவோ ஒரு நிமிடம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கே இவ்வளவு அவசரம் என்று தெரியவில்லை.

கரையில் ஒரு நீர்மருது மரம். அதன் தாழ்ந்த கிளையில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் குத்தூசி. ஒற்றைக்காலன் வணக்கம் சொல்லி, தான் கோரைக்குளத்தவன் என்றும், பிள்ளைகளுக்காக வந்திருப்பதாகவும், இங்கே சேல் மீன் கிடைக்குமா என்றும் விசாரித்தான்.

குத்தூசி அவனை மேலும் கீழும் பார்த்தது. "கிடைக்கும், கிடைக்கும்" என்றது. எப்படி என்று சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. குளத்தில் பேரெடுத்தவன் ஒரு மீன்கொத்தியிடம் போய் மீன் பிடிப்பது எப்படி என்று கேட்பானா? அதுதான் அவன் செய்த முதல் தப்பு.

முழங்கால் அளவு தண்ணீர் ஓடுகிற இடமாகப் பார்த்து இறங்கினான். காற்று மேற்கே இருந்து வந்தது. தண்ணீரும் மேற்கே இருந்துதான் வந்தது. நல்லதாகப் போயிற்று என்று மேற்கே முகத்தை வைத்து நின்றான். ஒரு காலை ஊன்றினான். மற்றக் காலால் மிதிக்க ஆரம்பித்தான்.

அடியில் கூழாங்கல்லும் மணலும் வண்டலும் கலந்து கிடந்தன. மிதிக்க மிதிக்க வண்டல் கிளம்பியது. கிளம்பிய கையோடு அவன் காலைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்விட்டது. முன்னால் தண்ணீர் அலம்பி வைத்த கண்ணாடியாகத் தெளிந்தே இருந்தது. அதில் ஒரு மீனையும் காணோம். வண்டலோடு சின்னச் சின்னப் புழுக்கள் கிளம்பின. அவற்றையாவது பிள்ளைகளுக்குக் கொண்டுபோகலாம் என்று குனிந்தான். அவன் குனிவதற்குள் ஆறு அவற்றையும் இழுத்துக்கொண்டு பின்னால் போனது.

இப்படியே வெகுநேரம் போனது. அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பெண் குரல். நல்ல பதவிசான குரல்.

"அண்ணே, நம்ம ஆத்துக்குப் புதுசா?"

ஒற்றைக்காலன் திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே, "ஆமாம்மா. நீ யாரு?" என்றான்.

"இங்கேயே பொறந்து வளர்ந்தவ அண்ணே. மினுக்கின்னு கூப்பிடுவாங்க. நீங்க மிதிக்கிற அழகைப் பார்த்து அப்படியே நின்னுட்டேன்."

யாரோ ஆமையோ நண்டோ, நல்ல இடத்துப் பெண் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். வெறும் வயிற்றில் இருக்கிறவனுக்கு ஒரு நல்ல வார்த்தை கேட்டால் எப்படியிருக்கும்! அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இவ்வளவு மிதித்தும் ஒரு மீன்கூட வரவில்லையே தங்கச்சி என்று மனம்விட்டுச் சொன்னான்.

மினுக்கி ஆறுதல் சொன்னாள். ஆற்று மீன்களெல்லாம் மேலே பாறைப்பக்கம் போயிருக்கின்றன, பொழுது சாயும்போது கூட்டமாக இறங்கி வரும், அண்ணன் முகம் பார்த்து நிற்கிற திசையிலிருந்துதான் வரும் என்றாள். அதுவரைக்கும் மிதிப்பதை மட்டும் நிறுத்தக் கூடாதாம். கலங்கல் வாசம் அங்கே எட்டினால்தான் மீனுக்கு நம்பிக்கை வருமாம். சும்மா வண்டலை மிதித்தால் போதாது, கல்லையும் புரட்டிப் புரட்டி மிதிக்க வேண்டுமாம். கல்லுக்கு அடியில்தான் விஷயமே இருக்கிறது என்றாள்.

இவன் நம்பினான். கல்லைப் புரட்டினான். விரலெல்லாம் தோல் உரிந்தது.

பின்னால் என்னென்னவோ சத்தம் கேட்டது. புளுக், புளுக் என்று குமிழி வெடிப்பது மாதிரி ஒரு சத்தம். நடுநடுவே குத்தூசி கிளையிலிருந்து தண்ணீரில் விழுகிற சத்தம். அது என்ன என்று கேட்டதற்கு, "குத்தூசிக்கு உடம்புச் சூடு அண்ணே. அடிக்கடி குளிப்பான்" என்றாள் மினுக்கி. அதையும் நம்பினான். களைத்துப் போனவனுக்குச் சந்தேகப்படவும் தெம்பு வேண்டுமல்லவா?

உச்சிவெயில் தலையில் இறங்கியது. மிதிக்கிற கால் மரத்துப் போனது. காலை மாற்றிக்கொண்டான். அந்தக் காலும் மரத்துப் போனது. ஒரு கட்டத்தில் தான் மிதிக்கிறோமா, ஆறு தன் காலை ஆட்டுகிறதா என்றே அவனுக்குத் தெரியவில்லை. போய்விடலாமா என்று தோன்றியது. வெறும் அலகோடு போய்க் கூட்டில் என்ன சொல்வது என்றும் தோன்றியது.

வாய்விட்டுச் சொல்லிவிட்டான். "தங்கச்சி, வீட்ல சின்னப் பிள்ளை சாப்பிடல. காலைல இருந்து சத்தமே போடல. எனக்கு பயமா இருக்கு."

பின்னால் கொஞ்ச நேரம் புளுக் சத்தம்கூட நின்றது. அவளுக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது போலிருக்கிறது என்று இவனுக்கு ஆறுதலாக இருந்தது.

"பாவம்ணே" என்றாள் மினுக்கி. "பெத்தவங்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிங்க."

அவனும் இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தான்.

வெயில் சாய்ந்தது. மரத்து நிழல் தண்ணீரில் நீண்டது. முன்னால் பார்த்துப் பார்த்து அவன் கண் பூத்துப் போனதுதான் மிச்சம். மேலேயிருந்து கூட்டமும் வரவில்லை, குஞ்சு மீனும் வரவில்லை. ஆறு மட்டும் வந்துகொண்டே இருந்தது. சின்னவன் இந்நேரம் கண்ணைத் திறந்திருப்பானா என்று நினைத்தான். அந்த நினைப்பு வந்ததும் கழுத்துக்குத் தலையைத் தாங்குகிற பலம் போய்விட்டது. தலை தானாகத் தொங்கியது. தொங்கித் தொங்கி, இரண்டு காலுக்கும் நடுவே தண்ணீரைத் தொடுகிற அளவுக்கு வந்துவிட்டது.

அப்படித் தலைகீழாகத் தொங்கிய கண்ணால் ஒற்றைக்காலன் முதல் முறையாகப் பின்னால் பார்த்தான்.

அங்கே ஒரு கல்யாணப் பந்தியே நடந்துகொண்டிருந்தது. அவன் வாலுக்குப் பின்னால் அத்தனையும் சேல் மீன்கள். வரிசை வரிசையாக, எல்லாம் அவன் பக்கம் பார்த்தபடி, வாயை வாயைத் திறந்து மூடின. அவன் மிதித்துக் கிளப்பிய புழுக்கள் நேராக அந்த வாய்களுக்குள் போய்க்கொண்டிருந்தன. புளுக், புளுக், புளுக். பந்தியில் முதல் இடத்தில் ஒருத்தி உட்காராத குறையாக நின்றிருந்தாள். வயிறு பெருத்து வெள்ளியாக மின்னினாள். கிளையில் குத்தூசி தொப்பையோடு அசைய முடியாமல் உட்கார்ந்திருந்தது. அதுவும் நாள் முழுக்க இந்தப் பந்தியிலிருந்து குட்டி மீன்களை அள்ளிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. குளித்ததாம், குளித்தது!

பக்கத்தில் இருந்த ஒரு மீன் கேட்டது. "மினுக்கியக்கா, காலு நின்னு போச்சே. கிளம்பிடுவானோ?"

மினுக்கி வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள். "சும்மா இரு. இன்னும் கொஞ்ச நேரம் மிதிப்பான். அவனுக்குப் பிள்ளைப் பாசம்."

ஒற்றைக்காலனுக்கு வந்தது கோபம் என்று நீங்கள் நினைப்பீர்கள். கோபப்படக்கூட அவன் உடம்பில் ஒன்றும் இல்லை. வெட்கமாக இருந்தது. என் பிள்ளை பசியில் கிடக்கும்போது நான் யார் பிள்ளைகளுக்கோ நாள் முழுக்க ஊட்டிக்கொண்டிருந்தேனே என்று தன்னையே நொந்துகொண்டான். அண்ணே அண்ணே என்று கூப்பிட்டவள் ஒரு நொடியில் அவன் இவன் என்றது அதற்கு மேல் சுட்டது.

பிறகு ஒன்று அவனுக்கு உறைத்தது. தன் வித்தை பொய்யில்லை. தண்ணீர் கலங்கத்தான் செய்திருக்கிறது. மீன் வரத்தான் செய்திருக்கிறது. குளத்தில் கலங்கல் காலடியிலேயே நிற்கும், அதனால் மீன் முன்னால் வந்தது. ஆறு கலங்கலைப் பின்னால் கொண்டுபோகிறது, அதனால் மீனும் பின்னால் வந்திருக்கிறது. காலையிலிருந்து எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. இவன் முகம்தான் தப்பான பக்கம் இருந்திருக்கிறது.

மெல்லத் தலையைத் தூக்கினான். பழையபடி மேற்கே பார்த்தான்.

"தங்கச்சி" என்றான். "கால் ஓஞ்சு போச்சு. நான் கிளம்புறேன். நாள் முழுக்கத் துணைக்கு நின்னியே, உனக்காகக் கடைசியா நல்லா ஒரு மிதி மிதிக்கிறேன். பக்கத்துல வந்து பாரு."

"உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசுண்ணே!"

ஒற்றைக்காலன் காலடியில் கிடந்த பெரிய கல்லைப் புரட்டினான். அதன் அடியில் கிடந்த வண்டலை இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு மிதித்தான். தண்ணீர் குழம்பாகக் கலங்கியது. அந்தக் கலங்கலுக்குள் மினுக்கி முதல் ஆளாக முண்டியடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் புழு தெரிந்ததோ இல்லையோ, கொக்கு தெரியவில்லை.

கோரைக்குளத்துக் கொக்கு திரும்பியது. ஒரே கொத்து.

மற்ற மீன்கள் சிதறி ஓடின. அலகுக்குள் மினுக்கி துடித்தாள். சாதாரணமாக மீனை விழுங்கிக்கொண்டு போய்க் கூட்டில் கக்கிக் கொடுப்பதுதான் வழக்கம். ஆனால் இவளை விழுங்க முடியாது. நாள் முழுக்க அவன் மிதித்ததைத் தின்று அவன் தொண்டைக்குள் இறங்காத உடம்பாகியிருந்தாள். அலகில் பிடித்துக்கொண்டுதான் பறக்க வேண்டும். அவன் பறந்தான்.

"அண்ணே, நாளைக்கும் வருவீங்கல்ல?" என்று கிளையிலிருந்து குத்தூசி கேட்டது. அதன் கவலை அதற்கு.

வழியெல்லாம் மினுக்கி பேசிக்கொண்டே வந்தாள். தன் மேல் கோபமா என்று கேட்டாள். தான் தப்புச் செய்யவில்லை, வயிறு செய்தது என்றாள். அவன் பேசாமல் பறந்தான். கடைசியில் குரல் உடைந்து, "அண்ணே, தங்கச்சின்னு கூப்பிட்டீங்களே. ஒரு வார்த்தை பதில் சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள்.

பதில் சொல்லியிருந்தால் அலகு திறந்திருக்கும். அவளும் அதற்குத்தான் கேட்டாள். ஒற்றைக்காலன் நல்லவன், சொல்லியிருக்கவும் கூடும். நல்லவேளை, வாய் திறக்கிற தெம்புகூட அவனிடம் மிச்சமில்லை. அவன் களைப்பு அன்றைக்கு அவனுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

கருவேல மரத்துக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. பெரியவன் கத்தினான். சின்னவன் சாம்பியின் இறக்கைக்குக் கீழே கண்ணை மூடிக் கிடந்தான். சாம்பி மீனை வாங்கி, துணுக்குத் துணுக்காகக் கிழித்து, சின்னவன் வாயை அலகால் திறந்து ஒரு துணுக்கை உள்ளே வைத்தாள். அது அங்கேயே இருந்தது. இரண்டு பேரும் அந்தச் சின்னக் கழுத்தையே பார்த்தார்கள். ஒற்றைக்காலன் வாழ்க்கையில் எத்தனையோ நேரம் அசையாமல் நின்றிருக்கிறான். இவ்வளவு நேரம் நின்றதில்லை.

கழுத்து மெல்ல ஏறி இறங்கியது. சின்னவன் விழுங்கினான். இன்னொரு துணுக்கு வைத்தாள். அதையும் விழுங்கினான். பிறகு கண்ணைத் திறக்காமலே கத்தினான். கூடு அதிர்கிற மாதிரி கத்தினான். அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சாம்பி அழுதுவிட்டாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று அப்புறம்தான் கேட்டாள்.

"ஆறு முழுக்க விருந்து வச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவன் கண்ணை மூடினான்.

மறுநாளும் ஒற்றைக்காலன் அந்த ஆற்றுக்குத்தான் போனான். போகாமல் எப்படி? ஆனால் ஓடுகிற தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து, கிழக்கே பார்த்து நின்றான். காற்று பின்னாலிருந்து அடித்து இறகையெல்லாம் கலைத்தது. பார்க்க லட்சணமாக இல்லை. கோரைக்குளத்துக் கொக்குகள் பார்த்திருந்தால் சிரித்திருக்கும். அவன் மிதித்தான். கலங்கல் அவன் கண்முன்னால் போனது. அதைத் தேடிக்கொண்டு மீன்களும் கண்முன்னால் வந்தன.

நடுவில் முதுகுக்குப் பின்னால் யாரோ, "அண்ணே" என்று கூப்பிட்டார்கள். ஒற்றைக்காலன் சட்டென்று திரும்பினான். ஒரு தவளை. பாவம், குளத்தை விட்டுக் குடும்பத்தோடு வந்த தவளை, பயந்து பின்வாங்கி, ஆற்றைக் கடக்க ஆழமில்லாத இடம் எது என்று கேட்கத்தான் வந்தேன் என்றது. அவன் இடத்தைக் காட்டிவிட்டு, மறுபடி தன் வேலையைப் பார்த்தான்.

எவ்வளவு பாடுபடுகிறோம் என்று பார்த்தால் மட்டும் போதாது. நாம் படுகிற பாட்டில் யாருடைய வயிறு நிறைகிறது என்று அவ்வப்போது திரும்பியும் பார்க்க வேண்டும்.